மண்வள அட்டையில் கரிமம் 0.42 இருந்தது 0.44 ஆகியிருக்கிறது. என் மண் தேறுகிறதா, இல்லையா?

தாராபுரத்தான் | அக்டோபர் 4

எல்லோருக்கும் வணக்கம். தாராபுரத்துக்கு மேற்கே 4 ஏக்கர் செம்மண் பூமி எங்களுடையது. சரளை கலந்த மண். கிணற்றுப் பாசனம், கோடையில் கிணறு கைவிட்டுவிடும். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் மாறி மாறி வரும். அப்பா காலத்தில் மக்காச்சோளத் தட்டையைக் கொளுத்திவிட்டு ரோட்டவேட்டர் ஓட்டுவதுதான் பழக்கம். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் தவறிய பிறகு பொறுப்பு என் கைக்கு வந்தது. கொளுத்துவதை அன்றைக்கே நிறுத்தினேன். இரண்டு முறை பல தானியம் விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதேன். போன வைகாசியில் ஆட்டுக்கிடை போட்டேன், 200 உருப்படி, ஆறு ராத்திரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முந்தைய மண் பரிசோதனையில் கரிமம், அதாவது மக்கிய பொருளில் இருக்கும் கார்பன், 0.42 சதவீதம். போன மாதம் வந்ததில் 0.44. இரண்டுக்கும் எதிரே 'குறைவு' என்றே போட்டிருக்கிறது. இதில் இன்னொன்று, பக்கத்துக் காட்டுக்காரரின் பழைய அட்டையையும் என் பழைய அட்டையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கிறது. அவர் இன்னும் தட்டையைக் கொளுத்துகிறவர்.

மழை பெய்தால் முன்னளவுக்குத் தண்ணீர் வழிந்து ஓடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அது உண்மையா, என் ஆசையா என்று தெரியவில்லை. மூன்று வருடம் செலவு செய்தாயே, என்ன ஆச்சு என்று வீட்டில் கேட்கிறார்கள். காட்ட என்னிடம் ஒரு 0.02தான் இருக்கிறது. மண் உயிர் பிடிக்கிறதா என்பதை வேறு எப்படித்தான் அளப்பது?

---

சல்லடை | அக்டோபர் 4

தம்பி, நான் பதினாறு வருடமாக மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு அட்டையும் ஒன்றுபோல இருப்பதில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இதைப் பார்த்துவிட்டு ஏமாற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானில் சூரத்கரில் தொடங்கி வைக்கப்பட்டது. நாடு முழுக்க ஒவ்வொரு வயலுக்கும் தனி மாதிரி எடுப்பது நடக்காத காரியம் என்பதால், நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று. உங்கள் 4 ஏக்கர் என்பது 1.6 ஹெக்டேர். நீங்களும் பக்கத்துக்காரரும் ஒரே கட்டத்துக்குள் வந்திருப்பீர்கள். ஒரே மாதிரியின் முடிவுதான் இரண்டு அட்டையிலும் இருக்கிறது. அந்தக் கட்டத்துக்குச் சராசரியாக எவ்வளவு உரம் போடலாம் என்று சொல்ல அது போதும். உங்கள் உழைப்பைக் காட்ட அது உருவானதே இல்லை.

அப்புறம் அந்த 0.02. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் அரை அடி ஆழ மண் சுமார் 900 டன் எடை இருக்கும். அதில் 0.02 சதவீதம் என்றால் 180 கிலோ கரிமம். நிஜமாகவே கூடியிருந்தால் சந்தோஷப்பட வேண்டிய அளவுதான். ஆனால் ஒரே மாதிரியை நான் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை செய்தாலே இவ்வளவு வித்தியாசம் வரும். நாங்கள் செய்வது 1934இல் வாக்லியும் பிளாக்கும் எழுதிய முறை. பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் ஊற்றி, எவ்வளவு கரிமம் எரிந்தது என்று பார்ப்போம். முழுவதும் எரியாது, முக்கால் பங்குதான் எரியும் என்று வைத்துக்கொண்டு ஒரு எண்ணால் பெருக்குவோம். ஆக 0.42க்கும் 0.44க்கும் நடுவில் ஏறியது என்றும் சொல்ல முடியாது, ஏறவில்லை என்றும் சொல்ல முடியாது. அதிலும் முதல் அளவு பக்கத்துக்காரர் காட்டில் எடுத்ததாகக்கூட இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதிரி எங்கள் கைக்கு வந்ததும் செய்கிற முதல் வேலை என்ன தெரியுமா? நிழலில் காயப்போட்டு, மரக்கட்டையால் நுணுக்கி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிப்போம். கரிமத்துக்கு என்றால் இன்னும் நுணுக்கி 0.2 மில்லிமீட்டர். சல்லடைக்கு மேலே நிற்பதெல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போகும். வேர்த் துண்டு, மண்புழு முட்டை, வேர் கட்டிப் பிடித்த சின்னச் சின்ன மண் உருண்டை, எல்லாம் போய்விடும். சத்துக் கணக்குக்கு அப்படிச் செய்தே ஆக வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் மண் உயிரோடு இருக்கிறதா என்பதற்கான சாட்சி முழுவதும் சல்லடைக்கு மேலேதான் இருந்தது. இத்தனை வருடத்தில் என் மனசை உறுத்திக்கொண்டே இருக்கிற விஷயம் இது. இந்தப் பெயரை வைத்துக்கொண்டதும் அதனால்தான்.

அட்டையில் இருக்கும் 12 அளவுகளில் தழை, மணி, சாம்பல், கந்தகம், ஐந்து நுண்சத்துகள், கார அமில நிலை, உப்பு நிலை போக, உயிரோடு கொஞ்சமாவது சம்பந்தப்பட்டது கரிமம் ஒன்றுதான். அதிலும் நுண்ணுயிர்களின் உடம்பில் இருக்கும் கரிமம் மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து பங்குக்குள்தான் வரும். மண் மாறும்போது முதலில் அசைவது அந்தச் சின்னப் பங்கு. மொத்தக் கரிமம் அசைய வருடக்கணக்கில் ஆகும்.

---

தென்னந்தோப்பு | அக்டோபர் 5

இவ்வளவு எதற்கு? விளைச்சல் கூடினால் மண் நன்றாக இருக்கிறது, குறைந்தால் இல்லை. மூட்டையை எண்ணினால் போதுமே.

---

கரிசக்காட்டான் | அக்டோபர் 5

மூட்டை கடைசியில்தான் சொல்லும் ஐயா. எங்கள் விளாத்திகுளம் பக்கம் மானாவாரி. மழை நல்லபடி பெய்த வருடம் செத்த மண்ணும் விளையும், பெய்யாத வருடம் நல்ல மண்ணும் கைவிரிக்கும். உரத்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டு மூட்டையை அப்படியே நிறுத்தி வைத்திருந்த ஆட்களை எனக்குத் தெரியும். மண் கெட்டுப்போனது அவர்களுக்குத் தெரிவதற்குள் பத்து வருடம் போய்விட்டது.

எங்கள் தாத்தா ஏர் ஓட்டும்போது பின்னால் திரும்பிப் பார்ப்பார். கொக்கும் மைனாவும் கரிச்சானும் எத்தனை வருகிறது என்று பார்ப்பார். ஒரு காட்டில் பத்திருபது சேரும், அடுத்த காட்டில் ஒன்றிரண்டு நின்று பார்த்துவிட்டுப் பறந்துவிடும். பறவை வராத காட்டை "இது வெறும் மண்ணுடா" என்பார். புழு பூச்சி இல்லாத மண்ணுக்குப் பறவை வராது, அவ்வளவுதான் கணக்கு. டிராக்டர் ஓட்டும்போதும் இதைப் பார்க்கலாம் தம்பி. உன் காட்டில் எத்தனை, பக்கத்துக் காட்டில் எத்தனை என்று எண்ணு.

---

புது_உழவன் | அக்டோபர் 5

செய்யூர் பக்கம் போன வருடம்தான் நிலம் வாங்கினேன். சல்லடை சார், அப்படியென்றால் ஆய்வகத்தில் உயிரை அளக்கவே முடியாதா? நுண்ணுயிர் எண்ணிக்கை பார்த்துத் தருகிறோம் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன்.

---

உயிர்உரம்_பெருந்துறை | அக்டோபர் 6

கட்டாயம் முடியும். ஒரு கிராம் மண்ணில் எத்தனை பாக்டீரியா, எத்தனை பூஞ்சாணம் என்று எண்ணித் தருகிற கூடங்கள் இருக்கின்றன. நான் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, வேம் என்று மண்ணில் சேர்க்கும் நுண்ணுயிர் உரங்களெல்லாம் விற்பவன், அதையும் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர்களுக்குப் போடுவதற்கு முன்னும் பின்னும் எண்ணிக்கை எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். நிறைய இடங்களில் கூடியிருக்கிறது.

---

சல்லடை | அக்டோபர் 6

நீங்கள் வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. அந்த எண்ணிக்கையை எடுத்த அனுபவம் எனக்கும் உண்டு, அதனால் அதன் எல்லையையும் சொல்கிறேன். தட்டில் வளர்த்து எண்ணும் முறையில், மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் வளர்ந்து கண்ணுக்குத் தெரியும். மீதி அந்தத் தட்டில் வளரவே வளராது. மாதிரி பையில் வெயிலில் இரண்டு நாள் கிடந்து வந்தால் அந்த எண்ணும் மாறிவிடும். நேற்று மழை பெய்திருந்தாலும் மாறும். பாட்டிலில் இருந்து மண்ணில் ஊற்றியதை ஒரு வாரத்தில் எண்ணினால் கூடுதலாகத்தான் காட்டும். ஆறு மாதம் கழித்து எவ்வளவு நிற்கிறது என்பதுதான் கேள்வி.

ஆய்வகத்தில் உயிரை அளக்க இதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. மண் எவ்வளவு கரியமில வாயு விடுகிறது என்று பார்ப்பது ஒன்று. மூடிய ஜாடியில் ஈர மண்ணை வைத்து, உள்ளே ஒரு கிண்ணத்தில் காரக் கரைசல் வைத்தால், மண் விடுகிற மூச்சை அது பிடித்துக்கொள்ளும். டீஹைட்ரஜனேஸ் என்ற நொதியை அளப்பது இன்னொன்று. நிறமில்லாத ஒரு மருந்தை மண்ணோடு சேர்த்து 24 மணி நேரம் வைத்தால், உயிருள்ள செல்கள் அதைச் சிவப்பாக்கிவிடும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு சுறுசுறுப்பு. முதன்முதலில் அந்தச் சிவப்பைப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு குழாயில் உழாமல் மேய்ச்சலுக்கு விட்ட கொரங்காட்டு மண், இன்னொன்றில் பல வருடம் களைக்கொல்லி அடித்த ஒரு காட்டு மண். ஒன்று மாதுளைச் சாறு போல, மற்றது வெளிறிய ரோஸ்.

ஆனால் இவை ஆராய்ச்சிக்கூட வேலை. சாதாரணப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால் செய்து தர மாட்டார்கள். ஆகவே, உங்கள் கையால் நீங்களே செய்வதுதான் வழி.

---

வண்டல் (மன்னார்குடி) | அக்டோபர் 7

எல்லோரும் புன்செய் கணக்கே பேசுகிறீர்கள், எங்கள் நன்செய்க்கு அது பொருந்தாது என்று சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கள் வயலில் மூன்று மாதம் தண்ணீர் நிற்கும். சேற்றுழவில் மண் உருண்டையை எல்லாம் நாங்களே உடைத்துக் கூழாக்குகிறோம். அங்கே போய்க் கட்டி கரைகிறதா, மண்புழு எத்தனை என்று பார்த்தால் நல்ல வயலும் தோற்றுப்போகும்.

நடவு நட்டு 30, 40 நாளில் ஒரு குத்தைப் பிடுங்கி வேரை அலசிப் பார்ப்பேன். புது வேர் வெள்ளையாகவும், பழைய வேர் செம்பழுப்பாகத் துருப் பிடித்த மாதிரியும் இருந்தால் நல்லது. வேர் தன்னைச் சுற்றிக் காற்றை விடுகிறது, மண்ணில் இருக்கும் இரும்பு அதில் துருவாகப் படிகிறது. அதே வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அடியில் கந்தக வாயு கூடிவிட்டது என்று அர்த்தம். உடனே தண்ணீரை வடித்து, மயிரிழை வெடிப்பு விடுகிற வரை காயப் போடுவேன். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சும்மா சொல்லவில்லை.

மண்புழு எண்ண எங்களுக்கு ஒரே ஒரு சமயம்தான். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்து தெளிப்போம். அறுப்பு முடிந்து உளுந்து மூன்று இலை விட்டு நிற்கும்போது மண்ணில் பதமான ஈரம் இருக்கும். அப்போது வெட்டிப் பார்க்கலாம். அப்புறம் பூக்கும் சமயத்தில் உளுந்துச் செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் நசுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் தழைச்சத்தைப் பிடிக்கிற வேலை நடக்கிறது. பச்சையாகவோ வெளுத்தோ இருந்தால் முடிச்சு இருந்தும் பிரயோஜனம் இல்லை.

---

கரிசக்காட்டான் | அக்டோபர் 7

அக்கா சொல்வது சரி. கரிசலுக்கும் தனிக் கணக்கு உண்டு. கோடையில் எங்கள் காடு வெடித்து வாய் பிளந்து கிடக்கும். அப்போது தண்ணீர் ஊற்றினால் எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும், ஆகா என்ன மண் என்று தோன்றும். நாலு மழைக்குப் பிறகு அதே இடம் வீங்கி மூடிக்கொண்டு சொட்டுக்கூட இறங்காது. எந்தச் சமயத்தில் அளந்தாய் என்று சொல்லாத எண்ணுக்குக் கரிசலில் மதிப்பில்லை.

---

தாராபுரத்தான் | அக்டோபர் 7

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. சல்லடை சார், என் செம்மண்ணுக்கு என்ன செய்யட்டும்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள், இந்த ஐப்பசி மழைக்கே ஆரம்பித்துவிடுகிறேன். கொரங்காடு என்று சொன்னீர்களே, எங்கள் மேற்கு வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் கொரங்காடு இருக்கிறது. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல் மரமும்தான். எனக்கு நினைவு தெரிந்து அதை உழுததில்லை.

---

சல்லடை | அக்டோபர் 8

கொரங்காடு பக்கத்திலேயே இருப்பது பெரிய அதிர்ஷ்டம் தம்பி. உங்கள் மண் எவ்வளவு தூரம் தேற முடியும் என்பதைக் காட்டும் அளவுகோல் அது. அதே செம்மண், அதே மழை, அதே சரளை. உழவும் நெருப்பும் மட்டும் படாதது. வெளிநாட்டுக் கையேட்டில் ஒரு சதுர அடிக்குப் பத்து மண்புழு இருந்தால் நல்லது என்று இருக்கும். தாராபுரம் செம்மண்ணில் அதைத் தேடிக்கொண்டு போனால் மனசு விட்டுப்போகும். உங்கள் காடு, கொளுத்துகிற பக்கத்துக் காடு, கொரங்காடு, மூன்றையும் ஒரே நாளில் அளந்து ஒன்றோடு ஒன்று வைத்துப் பாருங்கள்.

நல்ல மழை பெய்து இரண்டு நாள் விட்டு, காலையில் போங்கள். ஒவ்வொரு காட்டிலும் மூன்று இடம். வரப்பு ஓரம், மரத்தடி, எருக்குழி, வாய்க்கால் இதெல்லாம் வேண்டாம். இடத்தைக் கல் நட்டு அடையாளம் வைத்துவிடுங்கள், அடுத்த வருடமும் அதற்கு இரண்டடி தள்ளித்தான் அளக்க வேண்டும்.

முதலில் தண்ணீர். ஆறு அங்குல பிவிசி குழாயில் அரை அடி நறுக்கி, ஒரு முனையைச் சீவிக் கூராக்குங்கள். மேலே பலகை வைத்துத் தட்டி மூன்று அங்குலம் இறக்குங்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து அதில் 450 மில்லி தண்ணீர் ஊற்றி, தாளை மெதுவாக உருவினால் ஓரங்குல மழை பெய்த மாதிரி. நேரடியாக ஊற்றினால் மேல் மண் கலங்கி அடைத்துக்கொள்ளும், அதற்குத்தான் தாள். முதல் அங்குலத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது இறங்கியதும் இன்னொரு 450 ஊற்றி, அது மறைய எத்தனை நிமிடம் என்று பாருங்கள். அந்த இரண்டாவது எண்தான் நமக்கு வேண்டும்.

அடுத்தது கட்டி. மேல் மண்ணில் சுண்டைக்காய் அளவுக் கட்டிகளாகப் பொறுக்கி வந்து, வீட்டில் நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், அதில் டீ வடிகட்டி, வடிகட்டிக்குள் கட்டி. ஐந்து நிமிடம் பாருங்கள். மேலிருந்து குமிழி விட்டு உடனே உதிர்ந்து போனால், அந்த மண்ணைப் பிடித்து வைத்திருக்க உள்ளே ஒன்றும் இல்லை. பூஞ்சாண இழையும், வேர் விடுகிற பசையும், மண்புழு எச்சமும் சேர்ந்து ஒட்டியிருந்தால் கட்டி அப்படியே நிற்கும். மழைத்துளி விழும்போது உங்கள் காட்டில் நடப்பதும் அதுதான். உதிர்ந்த தூள் துவாரத்தை அடைத்து மேலே ஓடு கட்டும், தண்ணீர் வழியும்.

பிறகு மண்புழு. ஓரடிக்கு ஓரடி, ஓரடி ஆழம். கோணியில் கொட்டி, கையால் பொலபொலவென்று உதிர்த்து எண்ணுங்கள். எண்ணும்போதே மண்ணை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். முதல் மழை வாசனை என்கிறோமே, அதில் பெரும்பங்கு ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர் விடுகிற வாசனைதான்.

கடைசியாக, அரை அங்குலக் கம்பியை உடம்பு எடை போட்டு அழுத்தி இறக்குங்கள். எந்த ஆழத்தில் முட்டி நிற்கிறது என்று குறியுங்கள். ரோட்டவேட்டர் ஓடிய காட்டில் அடி மண் இறுகியிருக்கும் என்பதால் இதைச் சொல்கிறேன். சரளைக் கல்லில் முட்டினால் 'ணங்' என்று கேட்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

பருத்தித் துணி புதைப்பதும் ஒரு நல்ல வழி. பழைய வேட்டியில் முழம் துண்டு, மூன்று அங்குல ஆழம், முப்பது நாள். கலப்பு நூல் இருந்தால் மக்காது, சுத்தப் பருத்தியாகப் பாருங்கள்.

கரிமப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை, ஒரே மாதத்தில், ஒரே கூடத்தில். சரளை எவ்வளவு சதவீதம் என்றும் எடை போட்டு வையுங்கள். நாங்கள் சொல்லும் 0.44 சலித்த மண்ணுக்கு மட்டும்தான். நூறு கிலோவில் முப்பது கிலோ கல் என்றால் காட்டில் இருக்கும் கரிமம் அந்த அளவுக்குக் குறைவு.

---

புது_உழவன் | அக்டோபர் 19

குழந்தைகளோடு இன்னொன்று செய்து பார்த்தேன், எழுதிவிடுகிறேன். தண்ணீர் பாட்டிலை நடுவில் வெட்டி, மேல் பாதியைக் கவிழ்த்துப் புனலாக வைத்தேன். அதில் கொசுவலைத் துண்டு போட்டு, மேலே மூடாக்குக்கு (இலைதழை பரப்பி மூடியது) அடியில் எடுத்த மண் இரண்டு கைப்பிடி. மேலே ஒரு குண்டு பல்பு, அடியில் உப்புத் தண்ணீர். சூடும் வெளிச்சமும் பிடிக்காமல் பூச்சிகள் கீழே கீழே போய்த் தண்ணீரில் விழுந்துவிடுகின்றன. இரண்டு நாள் கழித்து பூதக்கண்ணாடியில் பார்த்தோம். கடுகில் பாதிகூட இல்லாத வெள்ளை ஜீவன்கள், வால் பக்கம் கவட்டை மாதிரி ஒன்று. ஸ்பிரிங்டெயில் என்று படத்தை வைத்துக் கண்டுபிடித்தோம். என் பெண் 31 எண்ணினாள். வெற்று மண்ணில் எடுத்ததில் 2 எறும்பு மட்டும். அதே தோட்டம், இடையில் பத்தடி தூரம்தான்.

---

தாராபுரத்தான் | டிசம்பர் 14

அளந்துவிட்டேன். நவம்பர் 11ஆம் தேதி, மழை நின்று இரண்டாம் நாள். சொன்னபடி மூன்று காட்டிலும் மூன்று மூன்று இடம்.

இரண்டாவது அங்குலத் தண்ணீர் இறங்க பக்கத்துக் காட்டில் சராசரி 41 நிமிடம், என்னுடையதில் 18, கொரங்காட்டில் 4. கொரங்காட்டில் ஊற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் பாதி போய்விட்டது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கட்டியில், பக்கத்துக் காட்டுக் கட்டி ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை, தண்ணீர் சிவந்து டம்ளருக்கு அடி தெரியவில்லை. என்னுடையது பாதி உதிர்ந்தது, பாதி நின்றது. கொரங்காட்டுக் கட்டியை ராத்திரி முழுக்க விட்டு வைத்தேன். காலையில் தண்ணீர் தெளிவாக இருந்தது. கட்டியை எடுத்துப் பிட்டுப் பார்த்தால் உள்ளே தலைமயிர் மாதிரி புல்வேர் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறது.

இப்போது குழப்பம். மண்புழு என் காட்டில் சராசரி 3. பக்கத்துக் காட்டில் ஒன்றுமே இல்லை. கொரங்காட்டில் மூன்று குழிக்கும் சேர்த்து 2தான். அளவுகோல் என்று வைத்த மண்ணில் என்னைவிடக் குறைவு. இது எப்படி?

துணியும் சரியாக வரவில்லை. என் காட்டில் முப்பது நாளில் ஓரம் மட்டும் மிஞ்சிச் சல்லடையாகிவிட்டது, கறுப்பும் ரோஸுமாகத் திட்டுத் திட்டாகக் கறை. பக்கத்துக் காட்டுத் துணியைத் துவைத்தால் மறுபடி கட்டலாம் போல இருந்தது. கொரங்காட்டில் துணியே இல்லை, புதைத்த இடத்தில் மண் பூச்சு மட்டும் இருந்தது.

கம்பி என் காட்டிலும் பக்கத்துக் காட்டிலும் அஞ்சு, அஞ்சரை அங்குலத்தில் முட்டி நின்றது. கொரங்காட்டில் ஒன்பது அங்குலம் வரை போனது.

---

சல்லடை | டிசம்பர் 14

தம்பி, அருமையாகச் செய்திருக்கிறீர்கள். குழப்பம் என்று சொன்னீர்களே, எனக்குப் பிடித்ததே அந்த இடம்தான். உங்கள் காட்டில் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்கிறது, கிடை போட்ட எரு இருக்கிறது. மண்புழுவுக்கு ஈரமும் சாப்பாடும் கிடைக்கிறது. கொரங்காடு வருடத்தில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். அங்கே மண்ணைத் துளைத்துக் காற்றும் நீரும் போக வழி செய்வது கரையானும் எறும்பும் புல்வேரும். உங்கள் துணியைத் தின்றதும் கரையான்தான். மண் பூச்சு விட்டுவிட்டுப் போனால் கரையான், கறை விட்டுவிட்டுத் துணி இற்றுப்போனால் பூஞ்சாணமும் பாக்டீரியாவும். அந்தத் துணியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆனால் கரையானைக் குறையாகவும் நினைக்காதீர்கள். வறண்ட மண்ணில் மண்புழு பார்க்கிற வேலையில் பாதியை அதுதான் பார்க்கிறது. மண்புழுவை மட்டும் எண்ணியிருந்தால் கொரங்காடு மோசம் என்று முடிவு கட்டியிருப்பீர்கள்.

---

வண்டல் (மன்னார்குடி) | டிசம்பர் 15

தம்பி, சராசரி 18 என்றாயே, மூன்று இடத்திலும் தனித்தனியாக எவ்வளவு?

---

தாராபுரத்தான் | டிசம்பர் 15

9, 17, 28 அக்கா. 9 வந்தது கிடை போட்ட இடம். 28 வந்தது தெற்கு ஓரம், டிராக்டர் திரும்புகிற பக்கம்.

---

வண்டல் (மன்னார்குடி) | டிசம்பர் 15

அப்படியானால் 18 என்ற எண்ணை மறந்துவிட்டு இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதி வை. உன் காட்டில் மூன்று விதமான மண் இருக்கிறது. கிடை போட்ட இடம் ஒரே வருடத்தில் எங்கே போயிருக்கிறது பார். டிராக்டர் மிதித்த இடத்துக்கு மூன்று வருடப் பல தானியமும் எட்டவில்லை. அடுத்த கிடையைத் தெற்கு ஓரத்தில் போடு.

---

கரிசக்காட்டான் | டிசம்பர் 15

அஞ்சு அங்குலத்தில் கம்பி முட்டுவதைச் சும்மா விடாதே. மேலே எவ்வளவு எரு போட்டாலும் வேர் அங்கே இறுகிக் கிடக்கும் மண் தட்டில் போய்ப் பக்கவாட்டில்தான் திரும்பும். ஒரு வெங்காயத்தையும் ஒரு சோளத் தூரையும் மண்ணோடு தோண்டிப் பார், வேர் 'ட' மாதிரி மடங்கி இருக்கும்.

---

சல்லடை | டிசம்பர் 16

அதுவேதான். மாசி பங்குனியில் மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது உளிக் கலப்பையை ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். ஈரத்தில் ஓட்டினால் தட்டு உடையாது, கோடுதான் விழும். உடைத்த பிறகு ரோட்டவேட்டரைக் காட்டுக்குள் விடாமல், ஆனி ஆடியில் துவரை விதையுங்கள். உளி கீறிய வழியில் அதன் ஆணிவேர் இறங்கும், வேர் மக்கினால் அந்தத் துளை அப்படியே நிற்கும். துவரை இல்லாமல் உளி மட்டும் ஓட்டினால் ஒன்றிரண்டு வருடத்தில் மண் மறுபடி கூடிக்கொள்ளும்.

கரிமத்தைப் பற்றி ஒன்று. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல் ஒன்று இருக்கிறது. அதே துண்டில் அதே உரத்தை நூறு வருடத்துக்கு மேலாகப் போட்டு அளக்கிறார்கள். தொழு உரம் போட்ட துண்டுக்கும் ஒன்றுமே போடாத துண்டுக்கும் இன்றைக்கு இருக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று வருடத்தில் தெரிந்ததல்ல. அதனால் 0.44 அடுத்த முறை 0.43 என்று வந்தாலும் பதறாதீர்கள். கட்டியும் குழாயும்தான் முன்னால் பேசும்.

---

தாராபுரத்தான் | ஜனவரி 9

நேற்று ஒரு வெங்காயத் தூரைத் தோண்டிப் பார்த்தேன். கரிசக்காட்டு அண்ணா சொன்ன மாதிரியேதான், அஞ்சு அங்குலத்தில் வேரெல்லாம் பாய் விரித்த மாதிரி படுத்திருக்கிறது. உளிக் கலப்பைக்குப் பங்குனி முதல் வாரம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்பது இடத்திலும் கல் நட்டுவிட்டேன். நோட்டில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பக்கம். வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து மூன்று டம்ளரில் மூன்று கட்டியையும் போட்டுக் காட்டினேன். அம்மா கொரங்காட்டுக் கட்டியைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "உங்க தாத்தா காலத்துல நம்ம காடும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார்கள்.

பக்கத்துக் காட்டுக்காரர் அந்தக் குழாயைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். 41 நிமிடத்தை நம்பவில்லை, தானே பார்க்கணுமாம்.

---

சல்லடை | ஜனவரி 9

கொடுங்கள், பார்க்கட்டும். ஆனால் இப்போது மண் காய்ந்திருக்கும், நவம்பர் எண்ணோடு அதை ஒப்பிட முடியாது என்று சொல்லிவிடுங்கள். அடுத்த மழைக்கு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். நீங்களும் நோட்டில் மழை பெய்த தேதியையும் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் இன்றிலிருந்தே எழுத ஆரம்பியுங்கள்.